தேன்காட்டியின் பங்கு

அன்று காலையும் அது வந்துவிட்டது.

உரலில் மக்காச்சோளத்தைப் போட்டு அவெஜா நாலு குத்துக்கூடக் குத்தியிருக்க மாட்டாள். வாசலுக்கு எதிரே நிற்கும் மாமரத்தின் மொட்டைக் கிளையில் தீப்பெட்டியைக் குலுக்குவது போல ஒரு சத்தம். சரசர... சரசர... உலக்கை அந்தரத்தில் நின்றது.

"வந்துட்டியா! உனக்கு இந்த ஊர்ல வேற வீடே கிடைக்கலையா?"

பார்க்கப் பெரிய அழகு ஒன்றுமில்லை. மைனா அளவுகூட இருக்காது. சாம்பல் பூத்த உடம்பு, வால் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை. ஆனால் இந்தத் தேன்காட்டிப் பறவை குரல் கொடுத்தால் மசெந்தே கிராமத்து ஆண்கள் தட்டில் களியை அப்படியே விட்டுவிட்டுக் கோடரியைத் தூக்குவார்கள். 'பிர்ர்ர்... ஹ்ம்!' என்று பதில் கொடுத்தபடி அதன் பின்னாலேயே போவார்கள். மரத்துக்கு மரம் தாவி, தேன்கூடு இருக்கும் மரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அது பேசாமல் உட்கார்ந்துவிடும். புகை போடுவதும் மரத்தைப் பிளப்பதும் மனுஷன் வேலை. தேன் மனுஷனுக்கு. மெழுகு பறவைக்கு. அதைப் பச்சை இலை பரப்பி வைத்துவிட்டுத்தான் யாரும் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது.

"பிர்ர்ர்... ஹ்ம்."

அவெஜா உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். பாயில் குப்புறப் படுத்திருந்த அமிசி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். பதினைந்து வயசு. மேலுதட்டில் இப்போதுதான் கறுப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது.

"உன்னை எத்தனை தடவைடா சொல்றது!"

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. அது கூப்பிட்டா இது தானா வருது."

"வந்தா முழுங்கு!"

பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு மிளகு அளவுக்குத் தழும்பு. போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டிய இடம் அது.

மற்றவர்களுக்குக் கொட்டினால் தடவிவிட்டுப் போவார்கள். அமிசிக்கு உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கிக் கண் மறைந்தது. தொண்டை அடைத்து, விசில் ஊதுவது மாதிரி மூச்சு இழுத்தது. அப்புறம் அதுவும் இல்லை. அன்று தேனெடுக்கப் போன மரம் பாதையோரமாக இருந்ததும், காட்டுக் காவல் முகாமின் வண்டி அந்த நேரம் பார்த்து வந்ததும், வண்டியின் மருந்துப் பெட்டியில் ஊசி இருந்ததும் அவன் ஆயுசு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரொசாலினா அவெஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இவன் உடம்புக்குத் தேனீ விஷம் ஒத்துக்காது. அடுத்த கொட்டு இதைவிட மோசமா இருக்கும். அன்னிக்கு வண்டி வருமான்னு யாருக்குத் தெரியும்? தேன் பக்கமே விடாதீங்க."

அன்றிலிருந்து பையனின் போர்வையைத் தினமும் உதறுகிறாள். மாம்பூ பூக்கும் காலத்தில் அவனை வாசலில் உட்கார விடுவதில்லை. ஆற்றுக்குப் போனால் அப்பாவின் பழைய கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், இந்த வெயிலில். ஊர்ப் பையன்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் முட்டை. "டேய் முட்டை, காத்து அடிக்குது, உடைஞ்சிடப் போறே!"

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவெஜாவின் அண்ணன் புவானாலி. மசெந்தேயில் அவனை மிஞ்சிய தேன் வேட்டைக்காரன் கிடையாது. காட்டுக் காவல் முகாமிலும் வேலை. காக்கிச் சட்டையைக் கழற்றியதே இல்லை. அவன் சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு, தலையை அண்ணாந்து பறவையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"கேட்டியா அவெஜா? வாசல்ல வந்து நின்னு பேர் சொல்லாத குறையா கூப்பிடுது."

"கூப்பிடட்டும். நீ களி சாப்பிடறியா? பூசணி இலையில வேர்க்கடலைப் பொடி போட்டு வச்சிருக்கேன்."

"பேச்சை மாத்தாதே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் பையனைக் கூட்டிட்டுப் போறேன்."

கூரை நிழலில் வலை முடிந்துகொண்டிருந்த அவள் கணவன் சுவாலேயின் கை நின்றது. ஆனால் அவன் நிமிரவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கத்து மீன்பிடிக்காரன். கல்யாணம் கட்டி மனைவி ஊரோடு வந்து சேர்ந்தவன். யாவோ இனத்து ஜனங்களுக்கு இது புதிதில்லை. பிள்ளை எந்த வயிற்றில் பிறந்ததோ, அந்தத் தாயின் அண்ணன் சொல்வதுதான் சட்டம்.

"நர்ஸம்மா சொன்னது மறந்து போச்சா அண்ணே?"

"அந்தம்மா தெற்கத்திக்காரி. அவங்க ஊர்ல தேன் கடையில பாட்டில்ல இருக்கும். அவங்களுக்கு என்ன தெரியும்?" புவானாலி உரலின் விளிம்பில் உட்கார்ந்தான். "நான் சொல்றதைக் கேளு. தேனீ கொட்டினதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு? பங்கு வைக்கச் சொல்லி மெழுகை யார் கையில கொடுத்தேன்? உன் பையன் கையில. மழை வந்துச்சுன்னு அவன் அதைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டான். பங்கு வைக்கலை. மறுநாள் அதே பறவைதான் கூட்டிட்டுப் போச்சு. நாலு பேர் நின்னோம். புகைகூடப் போடலை. ஒரே ஒரு தேனீ வந்துச்சு. என்னை விட்டுச்சு, கூட வந்த கஷிமுவை விட்டுச்சு. நேரா உன் பையன் கழுத்துக்கு! அது எப்படி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பறவையோட கோபம் அது. தேனீ விஷம் ஒரு ஆளை அப்படிப் பண்ணாது. என்னை எத்தனை கொட்டியிருக்கு, வயசான மனுஷங்களை எத்தனை கொட்டியிருக்கு! அவன் தன் கையால ஒரு அடை எடுத்து, தன் கையால பங்கு வச்சா எல்லாம் தீர்ந்துடும்."

"தீரலைன்னா?"

வீங்கிய பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை மறித்தவன் புவானாலிதான். அன்று அவன் அழுததை அவெஜா பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவனை வெறுக்கவும் முடியவில்லை.

"மேல்காட்டுக்குப் போய்ப் பாரு," என்றான், குரலை இறக்கி. "தங்கம் தோண்ட வந்தவங்க மரத்தையெல்லாம் வெட்டி, கூட்டோட கொளுத்தி, மெழுகைக்கூட விடாம வழிச்சுக்கிட்டுப் போனாங்க. இப்ப அங்க வாய் கிழியக் கூப்பிட்டாலும் ஒரு சிறகு அசையாது. முகாம்ல பறவைக் கணக்கு எடுக்கிறவங்களும் அதையேதான் சொல்றாங்க. மனுஷன் முறை தவறினா பறவை மனுஷனை மறந்துடுமாம். நம்ம காட்டுலயும் அப்படி ஆகணுமா? உன் பையனாலே?"

சுவாலே வலையைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினான். "மச்சான்... ஊசி மருந்து ஏதாவது கையில வச்சுக்கிட்டுப் போனா..."

"முகாம்ல இருந்த ஊசியைத்தான் அன்னிக்குப் போட்டாச்சு. புதுசு வரலை. நீ வலையைப் பாரு மச்சான், கண்ணி விட்டுப் போகுது."

அண்ணன் போன பிறகு அவெஜா கணவன் மேல் பாய்ந்தாள். "பெத்தவன்தானே நீ! ரெண்டு வார்த்தை சத்தமா சொன்னா என்ன?"

"எனக்கு இந்த வீட்டுல சோறு உண்டு, பேச்சு கிடையாது. இன்னும் கொஞ்சம் பேசினா 'உன் ஊருக்கு எந்தப் பக்கம் வழி'ன்னு கேட்பான்." சுவாலே சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மரத்தில் அது இன்னும் தீப்பெட்டி குலுக்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவெஜாவுக்கு அந்த யோசனை வந்தது. கூப்பிடுகிற வாயே இல்லாவிட்டால்?

காட்டத்தி மரத்தில் கத்தியால் கீறினால் பால் வடியும். அதைக் காய்ச்சினால் விரலை உருவ முடியாத ஒட்டுப்பசை. சின்ன வயசில் தினைக் கொல்லையில் குருவி பிடிக்க அவள் காய்ச்சியிருக்கிறாள். ஆனால் தேன்காட்டிக்கு யாரும் பசை வைத்ததில்லை. அதைக் கொன்ற வீட்டுக்கு ஆயுசுக்கும் தேன் கிடையாது. அந்த வீட்டு நெருப்பைக்கூடப் பக்கத்து வீட்டார் வாங்க மாட்டார்கள்.

பையன் அன்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்த மெழுகு, தகர டப்பாவில் இன்னும் அப்படியே இருந்தது. தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். அதில் ஒரு துண்டைக் கிள்ளினாள். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலில், அன்றே காய்ச்சிய பசையைத் தடவி, நுனியில் மெழுகைப் பதித்தாள்.

அடுத்த நாள் காலை சரசர சத்தம் பாதியில் அறுந்து, சிறகு படபடவென்று அடித்தது.

அவெஜா ஏணி போட்டு ஏறினாள். பறவை தலைகீழாகத் தொங்கியது. பிய்த்து எடுத்தபோது வால் சிறகு ஒன்று மூங்கிலிலேயே நின்றுவிட்டது. இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு இறங்கி, வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கோழிக்குத் திருகுவது மாதிரி ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை.

சிறகை விலக்கி அவள் கட்டைவிரல் கழுத்தைத் தேடியது. தேடிய விரல் நின்றுவிட்டது. கோழித்தோல் மாதிரி இல்லை. தடித்து, செருப்புத் தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. தேனீயின் கொடுக்கு எங்கே குத்தினாலும் இறங்காத தோல்.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உனக்குக் கொடுத்த தோல்ல ஒரு விரல்கடை என் பிள்ளை கழுத்துல வச்சிருந்தா படைச்சவனுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்!"

"அம்மா."

அமிசி நின்றுகொண்டிருந்தான். அவன் கண் அவள் கையில் இருந்தது.

"உள்ள போடா."

"அதை விட்டுடும்மா."

"இது இருக்கிற வரைக்கும் உன்னை விடாது."

"அது இல்லைன்னாலும் நான் போவேன்."

அவெஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா கூப்பிடலைன்னாலும் போவேன்," என்றான் அவன். "நேத்து ஆத்துல கஷிமு என்ன சொன்னான் தெரியுமா? 'பொம்பளைங்களோட உக்காந்து சோளம் குத்து, தோல் உரியாம பார்த்துக்கோ'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு எத்தனை நாளைக்கும்மா இருக்கிறது? மாமா சொல்ற மாதிரி ஒரு தடவை போய்ப் பங்கு வச்சா தீரும்னா, தீரட்டும். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா அதுவும் தீர்ந்துதானே போகும்."

கைக்குள் பறவையின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நெஞ்சும் அதே வேகத்தில் அடித்தது. இதைக் கொன்றால் வேறொன்று வரும். காடு முழுக்க இருக்கிறது. பிள்ளை போக வேண்டும் என்று நினைத்துவிட்டான். அதை எந்தப் பசையில் பிடிப்பது?

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். சுவாலே. கடலையெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவள் பிடித்துக்கொள்ள, அவன் துணி நுனியில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு சிறகாகத் துடைத்தான், வலையில் சிக்கல் எடுப்பது போல. விட்டதும் அது தடுமாறிக் கோணலாகப் பறந்து, காட்டுக்குள் போய் மறைந்தது.

அவெஜா கையைக் கழுவவில்லை. பசையும் சாம்பல் தூவியும் ஒட்டிய அந்தக் கையோடு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

புவானாலி கோடரி தீட்டிக்கொண்டிருந்தான். கஷிமுவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து கருவாடு சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"தேன்காட்டிக்குப் பசை வச்சேன், அண்ணே. அதோட பங்கு மெழுகையே காட்டி ஏமாத்திப் பிடிச்சேன். கழுத்தைத் திருகப் போனேன். கடைசியில விட்டுட்டேன்."

தீட்டுக்கல் கீழே விழுந்தது. கஷிமு எழுந்து இரண்டடி தள்ளி நின்றான், அவள் நிழல் படக்கூடாது என்பது போல.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா! நான் காவல்காரன்டி! இதை நான் ஊர்த் தலைவர்கிட்ட சொன்னா உன் வீடு என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணுக்குப் பதில் சொல்லு. மழைக்குப் பயந்து மெழுகை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தவன் தப்பு பெரிசா, பங்கைக் காட்டிக் கொல்லப் பார்த்தவ தப்பு பெரிசா?"

"இதென்ன கேள்வி!"

"பதில் சொல்லு."

"உன்னுதுதான்! சந்தேகம் என்ன!"

"அப்ப இப்ப அதுக்குக் கோபம் யார் மேல? என் மேல. பங்கு வைக்க வேண்டியது யாரு? நான். அவன் என் வயித்துப் பிள்ளை. அவன் தப்பும் என்னோடது, என் தப்பும் என்னோடது. வெள்ளிக்கிழமை நான் வரேன். அவன் வர மாட்டான்."

கஷிமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பொம்பளை தேன் எடுக்கப் போறாளாம்! உலக்கையாலயா மரத்தைப் பிளப்பே, அக்கா?"

"உன் மண்டையை முதல்ல பிளந்து பழகிட்டு வரேன், இரு."

புவானாலி சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அவன் போட்ட முடிச்சுதான். அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை.

"உன் மேல கோபம்னு நீயே சொல்றே," என்றான் கடைசியில். "உன்னைக் கொட்டினா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

வெள்ளிக்கிழமை வெயில் தீயாகக் கொளுத்தியது. எரிந்த புல்லின் கரி காலடியில் நொறுங்கியது. மழைக்கு முந்தின காலம். மரங்களெல்லாம் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தன. அண்ணனும் தங்கையும் மட்டும் நடந்தார்கள். கஷிமு வர மறுத்துவிட்டான். சாபம் பிடித்தவளோடு நடக்கப் பயம். புவானாலி தோளில் கோடரி, கையில் பச்சை இலை சுற்றிய புல்கட்டு. அவெஜா தலையில் டப்பா.

"கூப்பிடு," என்றான் அண்ணன். "நீ தப்பு பண்ணினவ. நீதான் கூப்பிடணும்."

"பிர்... ஹூம்!"

"என்ன இது, ஆட்டுக்குத் தும்மல் வந்த மாதிரி!"

"எனக்கு இவ்வளவுதான் வரும்."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, தூரத்தில், சரசர. கண்ணுக்குத் தெரியாமல் தள்ளியே போனது. ஆனாலும் போன வழி தெளிவாக இருந்தது. ஒரு முதிர்ந்த மரத்தடியில் சத்தம் நின்றது. பொந்தில் தேனீக்கள் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தன.

புவானாலி புல்கட்டைப் பற்ற வைத்துக் கம்பில் கட்டி நீட்டினான். புகை பொந்துக்குள் போனது. கோடரி விழ விழ மரம் அதிர்ந்தது. அவெஜா துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பொந்துக்குள் கையை விட்டாள். சூடான அடை கையோடு வந்தது. அப்போது கழுத்தில், காதுக்குக் கீழே, நெருப்புக் குச்சி வைத்தது போல ஒன்று.

"அண்ணே!"

புவானாலி கோடரியை எறிந்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். நிழலில் உட்கார வைத்து முகத்தையே பார்த்தான்.

"மூச்சு?"

"வருது."

"நாக்கு தடிக்குதா? உதட்டைக் காட்டு. ஏய், கண்ணை மூடாதே!"

"மூடலை. வெயில் கூசுது."

அவள் காத்திருந்தாள். தொண்டைக்குள் அந்த விசில் சத்தம் வருமா என்று காது கொடுத்துக் கேட்டாள். நிழல் நகர்ந்தது. கழுத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு வீங்கியது, எரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. கையில் இன்னும் இரண்டு கொட்டு இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அவையும் அப்படியேதான்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

புவானாலி அந்த வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். ஏதோ தன்னை ஏமாற்றிவிட்டது போல.

"அப்ப... அது கோபம் இல்லையா?"

"கோபமா இருந்தா நான்தானே அண்ணே செத்திருக்கணும்."

சொல்லி முடித்ததும்தான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. கோபம் என்றால் தணிக்கலாம். பங்கு வைக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், தன் கழுத்தைக் கொடுக்கலாம். கோபமே இல்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? தன்னைக் கொட்டிப் பிள்ளையை விட்டுவிடும் என்ற ஆசை மனசின் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. அவெஜா துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் தடுக்கவில்லை.

"அப்ப அந்த நர்ஸம்மா சொன்னது..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் விட்டான். "அவனுக்குக் கோடரி வாங்கி வச்சிருந்தேன். சின்னதா, அவன் கைக்கு," என்றான்.

"வர மாட்டான், அண்ணே. தாடி முளைச்சாலும் வர மாட்டான்."

அவன் தலையாட்டினான். எழுந்து போய்ப் பச்சை இலை பறித்து வந்தான். அவெஜா அதைப் பரப்பி, புது மெழுகையும் டப்பாவில் இருந்த பழைய மெழுகையும் வைத்தாள். இருவரும் தள்ளிப் போய் நின்றார்கள். அது இறங்கியது. வாலில் ஒரு சிறகு இல்லை. அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மெழுகைக் கொத்தி விழுங்கிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் அவெஜா. "பசிக்குது, கூப்பிடுது. அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுப் பாதையில், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு அமிசி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், ஓடினால் பிடிக்கும் தூரத்தில் சுவாலே.

"அம்மா!" பையன் ஓடி வந்தான்.

"நில்லு! அங்கேயே நில்லு! கிட்ட வராதே!"

அவன் நின்றான். அவளிடமிருந்து தேன் வாசம் காற்றில் போய் அவன் மேல் மோதியிருக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தான். அவெஜா மேல்துணியை அவிழ்த்து ஓங்கி உதறினாள். தலைமுடியைத் தட்டினாள். மறுபடி உதறினாள்.

"உன் குரல் இங்க வரைக்கும் கேட்டுச்சு," என்றான் அவன், நின்ற இடத்திலிருந்தே. "ரொம்ப மோசம். ஹ்ம்மை மூக்குலேர்ந்து விடணும்மா."

"சரிடா."

"மாமா, நான் எப்ப வரணும்?"

புவானாலி கோடரியின் பிடியைப் பார்த்தான். அப்புறம் சுவாலேயைப் பார்த்தான். "உன் அப்பாகிட்ட கேளு," என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சுவாலே மெல்ல வந்து பையனின் தோளில் கை வைத்தான். வைத்த கைக்குக் கீழே தோள் இறுகுவதை அவெஜா தூரத்திலிருந்தே பார்த்தாள். இனி ஒருநாளும் போக முடியாது என்று அமிசிக்குப் புரிந்துவிட்டது.

துணியின் மடிப்பிலிருந்து ஒரு தேனீ மண்ணில் விழுந்தது. சிறகு நனைந்து, தேனில் புரண்டு, இன்னும் உயிரோடு ஊர்ந்தது. அவெஜா அதைக் காலால் மிதித்தாள். பிறகு துணியை இன்னொரு தடவை உதறினாள். இன்னும் ஒரு தடவை. பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.